ஒரு துளி பெட்ரோலின் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் கார்புரேட்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விதத்தை விளக்கியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கார்புரேட்டர் போன பிறகு அந்த வேலையை ஏற்றுக்கொண்ட இன்ஜின் கணினியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றிலும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இறக்குமதியான வேகக் கார்களை வைத்திருப்பவர்களின் கேள்விகளே மிகுதி. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியிருப்பதால் இம்முறை அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த 1995 நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெட்ரோல் கலவையைப் பற்றி எதைக் கேட்டாலும் "அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் எதைப் பார்க்கிறது?
*– ஸ்கார்பரோ வாசகர், கனடா*

பதில்: பெட்ரோலை அது பார்ப்பதேயில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அது எண்ணுவது காற்றை. எண்ணிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் எவ்வளவு என்று கணக்கிட்டு, அவ்வளவு நேரம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது. பிறகு, எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, தன் கணக்கு சரிதானா என்று சோதித்துக்கொள்கிறது. எண்ணுதல், கணக்கிடுதல், சோதித்தல் என்ற இந்த மூன்றில் கடைசி வேலை எல்லா நேரமும் நடப்பதில்லை. இந்த இதழின் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

உங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆர்.பி.26 இன்ஜினின் கொள்ளளவு 2,568 சி.சி.; ஆறு சிலிண்டர்கள் என்பதால் ஒன்றுக்கு 428 சி.சி. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வேலை செய்யாத நிலையில் ஒரு சிலிண்டர் முழுவதும் நிரம்பினால் உள்ளே வரும் காற்றின் எடை சுமார் அரை கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பதால், அந்த அரை கிராம் காற்றுக்குத் தேவையான பெட்ரோல் 0.035 கிராம், அதாவது ஏறத்தாழ 0.047 மில்லி லிட்டர். கண்ணுக்கு மருந்து விடும் குழாயிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். உங்கள் காரில் உள்ள இன்ஜெக்டர் முழுவதும் திறந்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 440 மி.லி. பாயும், ஆகவே அந்த ஒரு துளியை விடுவதற்கு அது திறந்திருக்க வேண்டிய நேரம் 6.4 மில்லி விநாடி. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, ஒரு சிலிண்டருக்கு இப்படி விநாடிக்கு 50 துளிகள்.

காற்றின் எடையை எண்ணுவதற்கு உங்கள் காரில் இரண்டு காற்று அளவிகள் இருக்கின்றன. ஏர் ஃபில்டரைக் கடந்து வரும் காற்றின் பாதையில் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும்; சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அதுவே காற்றின் எடைக்கு அளவுகோல். குளிர்ந்த காற்றும் அடர்ந்த காற்றும் கம்பியிலிருந்து அதிக வெப்பத்தை எடுத்துச் செல்வதால், காற்றின் அடர்த்தி மாறுவது தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நேர்த்தியான ஏற்பாடு, ஆனால் கம்பியில் எண்ணெய்ப் படலமோ தூசியோ ஏறினால் காற்று அதை முன்போல் குளிர்விக்காது, கணினியும் காற்றுக் குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைத்துவிடும். எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர்களை வாங்கிப் பொருத்துகிறவர்கள், எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டு இந்த வலையில் விழுவது வழக்கம். நானும் விழுந்திருக்கிறேன்.

எல்லாக் கார்களும் இப்படி எண்ணுவதில்லை. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், காற்றை நேரடியாக அளக்காமல், இன்ஜின் வாயிலில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றை ஊகித்தது. 'டி' என்பது 'ட்ருக்', ஜெர்மன் மொழியில் அழுத்தம். 1973-இல் வந்த எல்-ஜெட்ரானிக்கின் 'எல்', 'லுஃப்ட்', அதாவது காற்று. அது காற்றோட்டத்தையே அளந்தது. இந்த இரு மரபுகளும் இன்றுவரை தொடர்கின்றன. ஜப்பானுக்குள் விற்ற டொயோட்டா சூப்ரா டர்போவும் மாஸ்டா ஆர்.எக்ஸ்.7-உம் அழுத்தத்தை அளப்பவை. அமெரிக்காவுக்குப் போன அதே சூப்ராவில் காற்று அளவி இருந்தது. இறக்குமதிக் காருக்கு உதிரிப் பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இனிச் சோதிக்கும் வேலை. சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் உள்ள ஆக்சிஜன் சென்சார், சிர்கோனியம் ஆக்சைடால் ஆன சிறு விரலுறை போன்றது. அதன் உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் புகை. சூடு 300 டிகிரியைத் தாண்டிய பிறகு, இருபுறத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வேறுபாட்டை அது மின்னழுத்தமாகக் காட்டுகிறது. பெட்ரோல் மிகுந்த 'ரிச்' கலவை என்றால் 0.8 அல்லது 0.9 வோல்ட், பெட்ரோல் குறைந்த 'லீன்' கலவை என்றால் 0.1 வோல்ட். இடையில் உள்ள சரியான புள்ளியில் அது நிற்பதில்லை, தாண்டிக் குதித்துவிடும். பொற்கொல்லரின் தராசு முள் போல, எந்தத் தட்டு கனம் என்று சொல்லுமே தவிர எத்தனை குன்றிமணி கனம் என்று சொல்லாது. ஆகவே கணினி, 'லீன்' என்றால் பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், முள் மறுபக்கம் சாய்ந்ததும் குறைக்கத் தொடங்கும். மீண்டும் சாய்ந்ததும் கூட்டும். சீராக ஓடும் நல்ல இன்ஜினின் சென்சார் மின்னழுத்தம் இப்படி ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைக் கண்டு பழுது என்று நினைத்து அதை மாற்றிவிட வேண்டாம். ஒரே இடத்தில் நின்றுவிட்ட சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சென்சார் 1970-களின் நடுவில் வால்வோ கார்களில் அறிமுகமானது வேகத்துக்காக அன்று, கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுக்காக. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சுப் புகைகளையும் ஒருங்கே போக்க வேண்டுமானால், கலவை 14.7-ஐ விட்டு அதிகம் விலகக் கூடாது.

இது ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி, பெட்ரோலைப் பார்க்கும் கருவியன்று என்பதை மறக்கும்போது பணம் விரயமாகிறது. ஒரு ஸ்பார்க் ப்ளக் பொறி விடாமல் போனால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் புகையோடு போகும். கூடவே அதற்குரிய ஆக்சிஜனும் போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு 'லீன்' என்று சொல்ல, ஏற்கெனவே பச்சைப் பெட்ரோலைக் கக்கிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குக் கணினி மேலும் பெட்ரோல் விடும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயின் கேஸ்கெட்டில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். என் பழைய கார் ஒன்றில் இரண்டு சென்சார்களை மாற்றிய பிறகே மூன்றாவது மெக்கானிக் அந்த விரிசலைக் காட்டினார்.

கேள்வி: அதே காரைப் பற்றி இன்னும் இரண்டு சந்தேகங்கள். குளிர்காலக் காலையில் கிளப்பினால் கறுப்புப் புகையும் பெட்ரோல் நெடியும் வருகின்றன. இங்கே பிரீமியம் பெட்ரோல் 91-தான். ஜப்பானில் 100 போட்டு ஓட்டினார்களாமே, கணினி இதைச் சரிசெய்துகொள்ளுமா?
*– ஸ்கார்பரோ வாசகர்*

பதில்: உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாவதில்லை, சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. எரிவது ஆவி மட்டுமே என்பதால் கணினி வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை விடுகிறது. ஆக்சிஜன் சென்சாரும் சூடாகாமல் ஊமையாக இருக்கும் அந்த முதல் சில நிமிடங்களில், எல்லாம் நினைவில் எழுதி வைத்த அட்டவணைப்படியே நடக்கும். ஆகவே தொடக்கத்தில் சிறிது புகை வருவது இயல்பு. ஆனால் வெப்பமானி முள் நடுவுக்கு வந்த பிறகும் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள். உங்கள் இன்ஜினில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், கணினிக்கு வேறொரு சென்சார். முள் சரியாகக் காட்டுகிறது என்பதால் கணினிக்கும் சரியான செய்தி போகிறது என்று பொருளில்லை. இன்ஜின் கொதிக்கும்போதும் "வெளியே பனி கொட்டுகிறது" என்று அதற்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் 91, 100 என்பவை ஆக்டேன் எண்கள். அந்தக் கேள்வியில் இரண்டு குழப்பங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, எண்களே வேறு அளவுகோலில் உள்ளவை. ஜப்பானியப் பம்புகளில் குறிப்பிடுவது 'ரான்' அளவு. வட அமெரிக்கப் பம்புகளில் 'ரான்', 'மான்' என்ற இரு அளவுகளின் சராசரி. உங்கள் 91 என்பது ஜப்பானியக் கணக்கில் 95 அல்லது 96-க்குச் சமம். இடைவெளி நீங்கள் அஞ்சிய ஒன்பதன்று, நான்கோ ஐந்தோதான், அதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று. இரண்டாவது, ஆக்டேன் என்பது கலவைப் பிரச்சினையன்று, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்ற பிரச்சினை. கலவை நேரம் தவறித் தானே வெடிக்கும் 'நாக்கிங்' சத்தத்தைக் கேட்கும் சென்சார்கள் உங்கள் இன்ஜினில் இருக்கின்றன. கேட்டால் கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். நாக்கிங் நடந்த பிறகு செய்யும் மருத்துவம் அது. தொழிற்சாலையில் வைத்த பூஸ்ட்டை, அதாவது டர்போ கொடுக்கும் அழுத்தத்தை, கூட்டாமல் ஓட்டினால் அந்த மருத்துவமே போதுமானது. முந்தைய உரிமையாளர் ஜப்பானில் 100-ஐ நம்பிக் கணினியை மாற்றி எழுதியிருந்தால் போதாது. கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே சிப் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அறிந்துகொண்ட பிறகே ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள்.

முழுவதும் அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது உங்கள் கணினி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் வேண்டியது 14.7 அன்று, டர்போ இன்ஜினுக்கு 11-க்கும் 12-க்கும் இடையில். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கிறது, நாக்கிங்கைத் தடுக்கிறது, டர்போவின் சுழலியைப் பழுக்கக் காய்ச்சும் புகையின் வெப்பத்தையும் தணிக்கிறது. ஆனால் பழைய சென்சாருக்கு 14.7-இன் இப்பக்கமா அப்பக்கமா என்பதுதான் தெரியும்; 11.5-க்கும் 13-க்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஆகவே கணினி தன் அட்டவணையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் விடுகிறது. நிதானமாக ஓட்டும்போது தவறுகளைத் திருத்திக்கொண்டிருந்த கணினி, பிஸ்டனில் ஓட்டை விழக்கூடிய அந்தச் சில விநாடிகளில் திருத்துவதில்லை. "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த நிஸான் சில்வியா எஸ்.14. பெரிய இன்ஜெக்டர் போட்டு, காற்று அளவியின் ஒயரில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சேர்த்து "டியூன்" செய்து கொடுத்தார்கள். கலவை மீட்டர் சரியாகக் காட்டுகிறது, ஆனால் மேடு ஏறும்போது உலோகச் சத்தம் கேட்கிறது. ஏன்?
*– கிள்ளான் வாசகர், மலேசியா*

பதில்: உங்கள் காரில் கலவை சரியாக இருப்பதும் இன்ஜின் அடிபடுவதும் ஒரே காரணத்தால்தான்.

இந்தக் காரின் எஸ்.ஆர்.20 டர்போ இன்ஜினில் தொழிற்சாலை இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 மி.லி. விடும். நீங்கள் பொருத்தியது 550 என்று கடிதத்தின் இறுதியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கணினிக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழையபடி நேரத்தைக் கணக்கிட்டால் ஒன்றரை மடங்கு பெட்ரோல் போய்விடும். அதைத் தடுக்கவே அந்தப் பெட்டி, காற்று அளவி சொல்லும் செய்தியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கணினிக்குச் சொல்கிறது. கணினி மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான் வந்தது என்று நம்பி, அதற்கேற்ற குறைந்த நேரமே திறக்கிறது. பெரிய இன்ஜெக்டர் அந்தக் குறைந்த நேரத்தில் சரியான அளவை விட்டுவிடுகிறது. கலவை மீட்டர் திருப்தியாகக் காட்டுவது இதனால்தான்.

ஆனால் அதே காற்றுக் கணக்கை வைத்துத்தான் கணினி தீப்பொறி நேரத்தையும் முடிவு செய்கிறது. சிலிண்டரில் காற்று குறைவாக இருந்தால் கலவை மெதுவாக எரியும் என்பதால் தீப்பொறியை முன்கூட்டியே விட வேண்டும். காற்று நெருக்கமாக இருந்தால் தாமதிக்க வேண்டும். சுமை குறைவு என்று நம்பவைக்கப்பட்ட உங்கள் கணினி, உண்மையில் டர்போ அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், மிதமாக ஓடும் இன்ஜினுக்குரிய முன்கூட்டிய பொறியைக் கொடுக்கிறது. மேட்டில் நீங்கள் கேட்கும் உலோகச் சத்தம் அதனால் வரும் நாக்கிங்தான். கலவைக்காகச் சொன்ன பொய்க்குத் தீப்பொறியில் விலை கொடுக்கிறீர்கள். சிறிய திருத்தங்களுக்கு அந்தப் பெட்டிகள் உதவும். மூன்றில் ஒரு பங்கு என்பது திருத்தமன்று. கணினியின் அட்டவணையையே புதிய இன்ஜெக்டருக்கு ஏற்ப மாற்றி எழுதச் சொல்லுங்கள், அல்லது பழைய இன்ஜெக்டரையே திரும்பப் பொருத்துங்கள். அதுவரை மேட்டில் பூஸ்ட் ஏறவிடாமல் ஓட்டுங்கள்.

மாற்றி எழுதுபவரிடம் மேலும் ஒன்றைக் கேளுங்கள். மின்சாரம் வந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடுவதில்லை. ஊசி எழும்ப ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும், பேட்டரி தளர்ந்தால் இன்னும் கூடும். அந்த வீண் நேரத்தைக் கணினி ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொள்கிறது. புதிய இன்ஜெக்டரின் வீண் நேரத்தை மாற்றாமல் பாய்ச்சல் அளவை மட்டும் மாற்றினால், நெடுஞ்சாலையில் வண்டி அருமையாக ஓடும், சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் தடுமாறும்.

பெரிய இன்ஜெக்டர் தேவையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மேலே ஸ்கைலைனுக்குப் போட்ட கணக்கைத் தொடர்ந்து பாருங்கள்: டர்போ ஒரு பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தம் அளவுக்குக் கூடுதல்) கொடுத்தால் காற்று இரு மடங்கு, கலவையும் 11.5 என்றால் ஒரு துளியாக இருந்தது இரண்டரைத் துளியாகிறது. 440 இன்ஜெக்டருக்கு அவ்வளவையும் விடுவதற்கு 16 மில்லி விநாடிக்கு மேல் வேண்டும். 7,500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரமே 16 மில்லி விநாடி. அதாவது இன்ஜெக்டர் மூடவே நேரமிருக்காது. அங்கே கணினி என்ன சொன்னாலும் பெட்ரோல் அதிகரிக்காது.

கேள்வி: மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் 'புஷ்' என்று சத்தம் போடும் வால்வைப் பொருத்தினேன். அன்று முதல் கியர் மாற்றும்போது வண்டி ஒரு கணம் திணறி, சைலன்சரில் வெடிச் சத்தமும் கேட்கிறது. வால்வு தரமற்றதா?
*– யாழ்ப்பாண வாசகர்*

பதில்: வால்வு நல்ல வால்வுதான், உங்கள் காருக்கு ஒத்துவராதது. பெரும்பாலான லான்சர் எவல்யூஷன் கார்கள் காற்றை எண்ணும் முறை சற்று வேறானது: ஏர் ஃபில்டர் பெட்டியருகே காற்றின் பாதையில் ஒரு சிறு தடுப்பு உண்டு. ஆற்று நடுவில் நட்ட கம்புக்குப் பின்னால் சுழிகள் தோன்றுவதுபோல அந்தத் தடுப்புக்குப் பின்னால் காற்றுச் சுழிகள் தோன்றும். அவற்றைக் கணினி எண்ணுகிறது. எண்ணுமிடம் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது என்பதே உங்கள் கேள்விக்கு விடை. கியர் மாற்ற நீங்கள் காலை எடுத்ததும், டர்போவுக்கும், காற்றுப் பாதையை மூடிவிட்ட த்ராட்டில் கதவுக்கும் இடையே சிக்கிய காற்றைத் தொழிற்சாலை வால்வு டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். நீங்கள் பொருத்தியது அதை வெளியே கொட்டிவிடுகிறது. ஏற்கெனவே எண்ணப்பட்ட காற்று, எண்ணிய கணக்குக்குப் பெட்ரோலும் விடப்பட்டாயிற்று, காற்று மட்டும் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. மிஞ்சிய பெட்ரோல் சைலன்சரில் போய் எரிகிறது. அழுத்தத்தை அளக்கும் ஆர்.எக்ஸ்.7 போன்ற கார்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. நண்பரின் காரில் நன்றாக வேலை செய்ததைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 2003 சுபாரு இம்ப்ரெசா டபிள்யு.ஆர்.எக்ஸ். ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தம் (ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கணினி கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் கூட்டல் 18 சதவீதம். 2,500 சுற்றில் கூட்டல் 3. காற்று அளவியை மாற்றச் சொல்கிறார்கள்.
*– லண்டன் வாசகி*

பதில்: மாற்ற வேண்டாம். எண்ணாத காற்று எங்கோ ஓட்டை வழியே உள்ளே வருகிறது. ஓட்டையின் அளவு மாறாதது. ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்று மிகக் குறைவாக இருப்பதால் அதில் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, சுற்று கூடியதும் கரைந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து சுமை ஏற ஏறக் கூட்டல் அதிகரித்தால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ அழுக்கேறிய காற்று அளவியையோ சந்தேகிக்கலாம். உங்களுடையது டர்போ கார் என்பதால் ஒரு வேடிக்கை நடக்கும்: அதே ஓட்டை, ஐட்லிங்கில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக் கலவையை 'லீன்' ஆக்கும், பூஸ்ட் ஏறியதும் எண்ணிய காற்றை வெளியே ஊதி 'ரிச்' ஆக்கும். இன்ஜின் வாயிலின் கேஸ்கெட்டையும் அங்கிருந்து கிளம்பும் சிறு ரப்பர் குழாய்களையும் புகை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஸ்பிரேயைச் சூடான இன்ஜின்மேல் அடித்துத் தேடும் பழைய வழக்கம் தீப்பிடிப்பதற்கான வழக்கம்.

கேள்வி: ஜெர்மனியில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதியான டர்போ கார். இப்போது பம்பில் கிடைப்பதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கணினி அதை அறிந்துகொள்ளுமா?
*– கோவை வாசகர்*

பதில்: எத்தனால் என்று அறிந்துகொள்ளாது, ஆனால் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும்: ஒரு கிராமுக்கு 9 கிராம். 20 சதவீதம் கலந்தால் சரியான விகிதம் 14.7-இலிருந்து சுமார் 13.5-க்கு இறங்குகிறது. 10 சதவீதக் கலவைக்கு அது 14.1, ஐரோப்பியக் கார்கள் இதற்குப் பழகியவை. பத்திலிருந்து இருபதுக்கு மாறும்போது அதே காற்றுக்கு நான்கு, ஐந்து சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு எரிபொருளின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஆக்சிஜன் மிஞ்சினால் கூட்டச் சொல்லும். கணினி சில நாள்களில் இந்தக் கூட்டலைக் கற்று நினைவில் எழுதிக்கொள்ளும். உங்களுடையது போன்ற அண்மைக்கால கார்களில் உள்ள அகல்வரிசை (வைட்பேண்ட்) ஆக்சிஜன் சென்சார், எத்தனை குன்றிமணி என்றும் சொல்லக்கூடியது. முழு ஆக்சிலரேட்டரிலும் அது விழித்திருக்கும். போர்ஷே 2024-இல் வெளியிட்ட 911 கரேரா ஜி.டி.எஸ். ஹைப்ரிட், முழு ஆக்சிலரேட்டர் உட்பட எல்லா நிலையிலும் கூடுதல் பெட்ரோலின்றிச் சரியான விகிதத்திலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. சென்சாரைக் கேட்காத நேரம் என்று ஒன்று இனி இருக்காது போலும்.

கணினியால் சரிசெய்ய முடியாதது ரப்பர். குழாய்களும் சீல்களும் 20 சதவீத எத்தனாலைத் தாங்குமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேடும் பெட்ரோல் மூடியின் உட்புற ஒட்டியும்தான் சொல்ல வேண்டும். அங்கே 10 என்று எழுதியிருந்தால், கலவைத் திருத்தம் எவ்வளவு அழகாக நடந்தாலும் அதை அனுமதியாகக் கொள்ளாதீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறைவதும் கணினியின் குற்றமன்று.

கேள்வி: பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் கணினி 'ரீசெட்' ஆகி வேகம் கூடும் என்கிறார்கள். உண்மையா?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

பதில்: பல பழைய கார்களில் கற்றுக்கொண்ட திருத்தங்கள் அழியும் என்பது உண்மை. ஆனால் அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்று யோசியுங்கள். பெட்ரோல் பம்ப் தளர்ந்து, கணினி பல மாதங்களாக 15 சதவீதம் கூட்டிக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். பல கணினிகள் இப்படிக் கற்ற கூட்டலை முழு ஆக்சிலரேட்டரிலும் சேர்த்தே விடுகின்றன. நீங்கள் ஒயரைக் கழற்றியதும் அந்த 15 சதவீதம் காணாமல் போகிறது. 'லீன்' ஆன இன்ஜின் சில நேரங்களில் சுறுசுறுப்பாகவே தோன்றும்; வேகம் கூடிவிட்டதா என்று பார்க்க உடனே நெடுஞ்சாலைக்குப் போய் முழுவதும் அழுத்துகிறவர், ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காத அந்த நேரத்தில், தளர்ந்த பம்போடும் திருத்தமில்லாத அட்டவணையோடும் டர்போவை ஓட்டுகிறார். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் திருத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு சில நாள் நிதானமாக ஓட்டி, மீண்டும் அதே எண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், மாற்ற வேண்டியது பம்ப்.